போட்ட சைக்கிள் தடம் பறிபோகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் டொரான்டோ நகரில் ஜார்விஸ் சாலையில் 2010-இல் சைக்கிள் தடம் வந்தது. 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள். சாலையில் வெறும் கோடுதானே, அழிப்பது பெரிய வேலையா? அதே நகரின் புளோர் சாலையில் 2016-இல் சோதனைக்குப் போட்ட தடத்தை மட்டும் அடுத்த ஆண்டே மாநகர மன்றம் நிரந்தரமாக்கியது. எதிர்ப்பு இரண்டுக்குமே இருந்தது.

புளோரைக் காப்பாற்றியதில் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. முன்கூட்டியே கணக்கெடுக்காமல் வேலையைத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அங்கே தடம் வருவதற்கு முன்பும் பின்பும் சைக்கிள்களையும் கார்களையும் எண்ணினார்கள், கடைகளுக்கு வருவோரிடமும் கேட்டார்கள். சைக்கிளில் வருவோர் கூடினார்கள், கடைகளுக்கு வரும் கூட்டமும் கூடியது. கார் பயணம் சில நிமிடங்கள் நீண்டது, அதையும் மறைக்கவில்லை. "யாருக்கும் ஒரு நொடிகூடத் தாமதமாகாது" என்று வாக்குக் கொடுத்திருந்தால் முதல் வாரமே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

கடைக்காரர்களை விரோதியாகப் பார்ப்பது அடுத்த தவறு. புளோரின் அனெக்ஸ் பகுதியில் 2009-இல் வெளியான ஆய்வில், வாடிக்கையாளர்களில் பத்தில் ஒருவர்தான் காரில் வந்தார். ஆனால் கடைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர், குறைந்தது கால்வாசிப் பேராவது காரில் வருவதாக நினைத்திருந்தார்கள். அந்தத் தவறான கணிப்பை எண்களால் மாற்றலாம். சரக்கு இறக்க இடமில்லை என்ற புகார் அப்படியல்ல, அது நியாயமானது. காய்கறிப் பெட்டிகளோடு வரும் வேன் நிற்க இடம் ஒதுக்காவிட்டால், அது நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு சைக்கிள் தடத்திலேயே நிற்கும். அதைச் சுற்றிப்போக சைக்கிள்காரர் பஸ்ஸுக்கு முன்னால் வளைய வேண்டும். ஓட்டுநருக்கு அபராதம் போட்டுப் பயனில்லை. இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான ஒவ்வொரு துண்டிலும் சரக்கு இறக்க ஓர் இடத்தைக் குறித்துவிட்டு, அப்புறம் கார்கள் தடத்துக்குள் வராதபடி தடுப்பை வையுங்கள்.

தடுப்பாகத் தட ஓரத்தில் நடும் பிளாஸ்டிக் கம்பங்களை நம்புவதும் வேண்டாம். சோதனைக் காலத்துக்குச் சரி. மோதி மோதி அடிக்கட்டை மட்டும் மிஞ்சியதும் கார்கள் உள்ளே வந்துவிடும். நிரந்தரமானதும் கான்கிரீட் விளிம்புக்கு மாறிவிட வேண்டும்.

இன்னொன்று, சந்திப்புகள். தெரு நடுவில் தடுப்பு வைத்துவிட்டு, கார் திரும்பும் மூலையில் அதை முடித்துவிடுகிறார்கள். ஆபத்து அதிகம் அங்கேதான்.

2024-இல் டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு புளோர், யோங், யூனிவர்சிட்டி சாலைகளின் தடங்களை அகற்றச் சட்டம் கொண்டுவந்தது. அகற்ற மட்டும் சுமார் 4.8 கோடி டாலர் ஆகும் என்று மாநகராட்சி மதிப்பிட்டது. 2025 ஜூலையில் நீதிமன்றம், அகற்றுவது சைக்கிள்காரர்களின் உயிருக்கான உரிமையைப் பாதிக்கும் என்று தீர்ப்பளித்தது. தடங்களை எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்குப் போதிய ஆதாரம் அரசிடம் இல்லை என்றும் அது சொன்னது.