டபுள் கெப்புக்குப் பெரிய நொசில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக் கொட்பேயில் மீன் ஏற்றி, ஐஸ் பெட்டியோடு இரவோடிரவாகப் பேலியகொடை மீன் சந்தைக்கு ஓடுகிறவருக்கும், கருவாட்டு மூட்டையோடு மாத்தளை ஏற்றம் ஏறிக் கண்டி போகிறவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: பாரம் இருக்கும்போதும் வண்டி இழுக்க வேண்டும். எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் முனைதான் நொசில்; பெரிய நொசில் போட்டால் இழுக்கும் என்று யாராவது சொன்னதும் கெப் கராஜுக்கு வந்துவிடும். வேலை பழகும் பொடியன்மார் அதைப் பூட்டும்போது விடுகிற பிழைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எல்லாம் நாங்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகள். பில்டர் மாற்ற மறப்பது, பெற்றரி வயரைக் கழற்றாமல் தொடங்குவது போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

எந்த எஞ்சின் என்று பாராமல் நொசில் வாங்குவது

பழைய ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல் எஞ்சின்களில் டீசலை அளந்து கொடுப்பது பம்ப். அதைத் தூவுவது மட்டுமே நொசிலின் வேலை. ஒற்றைத் துவாரமும் அதற்குள் ஊசி முனையும் உள்ள நொசில் அது. டிஎன் என்று தொடங்கும் நம்பர் அதன் உடம்பில் வெட்டியிருக்கும். இங்கே நொசிலை மட்டும் பெரிதாக்கினால் டீசலின் அளவு ஏறாது, அதே டீசல் வேறு வேகத்தில் விழும். டேர்போ இல்லாத 3எல்லிலும் 5எல்லிலும் பம்ப் ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டினாலும் அதை எரிக்கக் காற்று போதாது. கொடுத்த காசு சைலன்சர் வழியே கறுப்பாகப் போகும்.

இவற்றுக்குச் செய்யக்கூடிய நல்ல வேலை, தேய்ந்த நொசிலை எடுத்துவிட்டு அதே நம்பரில் புதிதைப் போட்டு, நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்கும்படி வைப்பது. இந்த வகை 150 பாரை ஒட்டித் திறக்கும். சரியான எண்ணை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற மெல்லிய தகடான ஷிம் 0.05 மில்லிமீட்டர் தடித்தால் அழுத்தம் ஆறேழு பார் ஏறும். ஷிம் ஒன்றுதான் போடலாம், இரண்டை அடுக்கக் கூடாது. டெஸ்டரில் பூட்டி, திறக்கும் அழுத்தத்துக்கு 10 முதல் 20 பார் கீழே பிடித்துக்கொண்டு பத்து விநாடி நுனியைப் பாருங்கள். துளி திரளக் கூடாது. தூவும் பக்கம் கையை நீட்டவே வேண்டாம், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பூட்டுமுன் இன்னொன்று. நொசிலைச் சுத்தமான டீசலில் கழுவி, ஏறத்தாழ 60 பாகை சரித்துப் பிடித்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தன் பாரத்திலேயே வழுக்கிப் போய் அடியில் உட்கார வேண்டும். ஊசியைச் சற்றுத் திருப்பி மறுபடியும் விட்டுப் பாருங்கள். எங்கேயாவது தடக்கினால் அந்த நொசில் வேண்டாம்.

1கேடி, 2கேடி ஹைலக்ஸும் 4ஜேஜே1 டீமாக்ஸும் கொமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை. இவற்றில், நுனியில் நொசில் உள்ள இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று எஞ்சினின் கணினியான ஈசியூ கணக்குப் போடுகிறது. துவாரம் பெரிதானால் அதே நேரத்துக்குள் கூடுதல் டீசல் இறங்கும்; ஈசியூவுக்கு அது தெரியாது. ஆகவே பெரிய நொசிலுக்கு உண்மையிலேயே பலன் இருப்பது இந்த எஞ்சின்களில்தான், ஆபத்து இருப்பதும் இவற்றில்தான்.

பழைய செம்பு வொஷரைத் திரும்பப் போடுவது

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பொறுக்க முடியாத பிழை இது.

இன்ஜெக்டரின் மூக்குக்கும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே, குழியின் அடியில், விரல் நகமளவு ஒரு செம்பு வளையம் உட்கார்ந்திருக்கிறது. டேர்போ டீசல் எஞ்சினில் பாரத்தோடு ஏறும்போது எரியும் வாயுவின் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். அந்த வாயு இன்ஜெக்டர் குழி வழியே மேலே வராமல் தடுக்க அங்கே வேறொன்றும் கிடையாது. செம்பு மென்மையானது என்பதால்தான் அதைப் போடுகிறார்கள்: கிளாம்ப் இறுகும்போது அது நசுங்கி, இரண்டு பக்க உலோகத்தின் மேடு பள்ளத்தையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஒரு முறை அப்படி நசுங்கிய வளையம் மறுமுறை அதே இடத்தில் அதே திசையில் உட்காராது. பழைய வொஷரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூக்கின் வட்டம் பதிந்திருக்கும். கசிந்திருந்தால் அந்த வட்டத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஒன்று ஓடும். அதுதான் வாயு போன வழி.

1கேடியில் இது ஏன் இவ்வளவு மோசம் என்றால், கசியும் வாயு வெளியே போவதில்லை. குழி வழியே ஏறி ஹெட்டின் மூடியான டப்பட் கவருக்குள் வந்து, கரியோடு ஒயிலில் கலக்கிறது. அந்தக் கரி சூட்டில் இறுகிச் சிறு சிறு பொருக்காகி, ஒயிலோடு எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கி, ஒயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில் ஒட்டிக்கொள்ளும். வலை அடைபட அடைபடப் பம்புக்கு ஒயில் போவது குறையும். பிறகு டேர்போ, பெயரிங், கிராங்க் என்று வரிசையாகப் போகும். பெரிய நொசில் போட்ட எஞ்சினில் எரிப்பழுத்தம் கூடுவதால் இவ்வளவும் இன்னும் விரைவாக நடக்கும்.

கிண்ணியாப் பக்கத்து மீன் கெப் ஒன்று. நான்கு பெரிய நொசிலும் போட்டாயிற்று, வண்டியும் பிரமாதமாக இழுத்தது. வொஷர் மட்டும் பழையது. சில மாதத்தில், விடியற்காலை ஸ்டார்ட் செய்யும்போது "சுக் சுக்" என்று ரயில் மாதிரி ஒரு சத்தம்; சூடானதும் நின்றுவிடும். ஒயில் மாற்றி ஒரு கிழமைக்குள் தார் மாதிரிக் கறுத்தது. ஒயில் லைற் அணைய முன்பைவிடச் சற்று நேரம் எடுத்தது. மூன்றையும் யாரும் கவனிக்கவில்லை. கந்தளாய் தாண்டி அடியில் தட்டும் சத்தம் வந்தபோது மீன் பெட்டிகளை வேறு வண்டிக்கு மாற்றத்தான் நேரம் இருந்தது. சம்ப்பை இறக்கிப் பார்த்தால், ஸ்ட்ரெய்னர் வலையில் ஒரு விரல் போகும் இடம்கூடத் திறந்திருக்கவில்லை. நான்கு வளையத்தின் காசு ஒரு நாள் ஐஸ் செலவுக்கும் வராது. போனது ஒரு எஞ்சின்.

சரியாகச் செய்யும் முறை இது. இன்ஜெக்டரைக் கழற்றியதும் நான்கு பழைய வொஷரும் கையில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மூன்றுதான் இருந்தால் நான்காவது குழியின் அடியில் கரியோடு கரியாக ஒட்டியிருக்கிறது. அதன்மேல் புதிதைப் போட்டால் இரண்டு வொஷராகி நொசில் உயர்ந்துவிடும், டீசல் பிஸ்டன் தலையிலுள்ள குழியான கிண்ணத்துக்கு வெளியே விழும். கொக்கி போட்டு அதை இழுத்தெடுங்கள். பிறகு உள்ளே சிறு துவாரத்தைத் துணித் திரியால் அடைத்துவிட்டு, உட்காரும் தளத்தை அதற்குரிய கட்டரால் கையால் மட்டும் சுற்றிச் சுரண்டுங்கள். கட்டர் முனையில் கிரீஸ் பூசினால் கரித்தூள் அதிலே ஒட்டிக்கொண்டு வெளியே வரும். டிரில் மெஷினில் கட்டரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தளம் சரிந்துபோனால் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். திரியை எடுத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். தளம் முழு வட்டமாக, ஒரே நிறத்தில் மின்ன வேண்டும். ஓரிடத்தில் கறுப்பு நின்றாலும் மறுபடி சுரண்ட வேண்டும்.

புது வொஷரின் தடிப்பை மைக்ரோமீட்டரில் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கடையில் "எல்லாத்துக்கும் சரி வரும்" என்று தருவது பெரும்பாலும் சரி வராது. பழையதை நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மென்மையாகும் என்பது உண்மைதான். ஆனால் குறைந்த தடிப்பு அதனால் திரும்பி வராது, வாயு அறுத்த கோடும் மறையாது.

பூட்டும் ஒழுங்கையும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஜெக்டரை இறக்கி, கிளாம்ப் போல்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஹை பிரஷர் பைப்பின் நட்டையும் கையால் பிடியுங்கள். பைப் எங்கும் இழுபடாமல் நேராக உட்கார்ந்த பிறகு கிளாம்பை டொர்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்கி, கடைசியில் பைப் நட்டை இறுக்குங்கள். பைப்பை முதலில் இறுக்கினால் அது இன்ஜெக்டரைச் சரித்துப் பிடிக்கும், வொஷரும் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். ரிட்டர்ன் பைப்பின் வொஷர்களும் புதிதாகவே இருக்கட்டும்.

ஏற்கனவே கசிந்த எஞ்சின் என்றால் வொஷரை மாற்றுவதோடு வேலை முடியாது. சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்த்தே ஆக வேண்டும். வண்டிக்காரர் "அதை அடுத்த முறை பார்ப்போம்" என்று சொன்னால், அடுத்த முறை என்ன நடக்கும் என்பதை அவருக்கு விளங்கச் சொல்லுங்கள்.

தூவும் கோணத்தைப் பாராமல் போடுவது

கொமன் ரெயில் நொசிலில் டிஎல்எல்ஏ 145 பி என்பது போல எழுதியிருக்கும். அந்த 145 தூவும் கோணம். பிஸ்டன் கிண்ணம் அந்தக் கோணத்துக்கென்றே வெட்டப்பட்டது. துவாரம் பெரிதாகலாம், கோணம் மாறக் கூடாது.

காற்றையும் சூட்டையும் மறப்பது

இழுவை இல்லை என்று வரும் கெப்புகளில் பலவற்றுக்கு நொசில் தேவையே இல்லை. டேர்போ ஹோஸ் வெடித்திருக்கும், இன்டர்கூலர் கசியும், காற்று உள்ளே போகும் இன்டேக்கில் ஈஜிஆர் (புகையைத் திருப்பிவிடும் குழாய்) கரி பாதி வழியை அடைத்திருக்கும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பெரிய நொசில்தான் வேண்டும் என்றால், பாரம் ஏற்றும் வண்டிக்கு 10 முதல் 15 சதவீதம் பெரிதானது போதும். அதற்கு மேல் போவதென்றால் டேர்போவையும் மாற்ற வேண்டும். எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில் டேர்போவுக்கு முன்னால் சூட்டு சென்சர் ஒன்றைப் பூட்டி, டாஷ்போர்டில் மீட்டர் வையுங்கள். நீண்ட ஏற்றத்தில் 700 பாகை செல்சியஸைத் தாண்டி நின்றால் காலைத் தளர்த்த வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லி வையுங்கள். பிஸ்டன் அலுமினியம், தண்ணீர் மீட்டர் ஏறுவதற்கு முன்பே அது உருகத் தொடங்கலாம்.

சைலன்சர் கறுப்பாகக் கக்கினால் எமிஷன் டெஸ்டில் விழும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது.

கோட் எழுதாமல் விடுவது

1கேடி இன்ஜெக்டரின் தலையில் 30 எழுத்துள்ள கோட் ஒன்று இருக்கும். அந்த இன்ஜெக்டர் எந்த அழுத்தத்தில் எவ்வளவு விடுகிறது என்ற திருத்தம் அது. நொசிலை மேசையில் வைத்து மாற்றிய அந்த நிமிடமே அந்தக் கோட் பொய்யாகிவிடுகிறது. பம்ப் ரூமில் (டீசல் பம்ப், இன்ஜெக்டர் திருத்தும் இடத்தில்) சோதனைப் பெஞ்சில் ஓட்டி, ஐடிலிலும் நடு வேகத்திலும் முழுப் பாரத்திலும் நான்கையும் அளந்து, புதுக் கோட் எடுத்து ஸ்கேனரால் ஈசியூவில் எழுத வேண்டும். பிறகு சூடான எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ செய்யும் டீசல் திருத்தமான இன்ஜெக்ஷன் ஃபீட்பேக் எண்களை ஸ்கேனரில் பாருங்கள். நான்கும் கூட்டல் 3க்கும் கழித்தல் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் உடனே இன்ஜெக்டரைப் பழி சொல்லாதீர்கள். நிலாவெளி, புல்மோட்டைக் கடற்கரை வண்டிகளில் இன்ஜெக்டர் வயர் பிளக்கின் பின்கள் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும். அதைத் துப்புரவாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

நான்கில் ஒன்றை மட்டும் பெரிதாக்குவது

வேண்டாம்.

ஓடும் எஞ்சினில் பைப் நட்டைத் தளர்த்துவது

பழைய 2எல்லில் காற்று எடுக்க இப்படிச் செய்து பழகிய கை, கொமன் ரெயிலிலும் அங்கேதான் போகும். இங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். கையே போய்விடலாம்.

கானில் கிடந்த டீசலோடு ஓட்டிப் பார்ப்பது

2022 தட்டுப்பாட்டில் பலர் டீசலைக் கானிலும் பீப்பாயிலும் சேர்த்தார்கள்; அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பீப்பாயின் அடியில் தண்ணீரும் துருவும் தங்கும். படகுக்கு வாங்கிய மண்ணெண்ணெய் இருந்த கானிலேயே டீசலையும் ஊற்றுகிறவர்கள் உண்டு. மண்ணெண்ணெய்க்கு வழுக்குத் தன்மை குறைவு. டீசலாலேயே எண்ணெயிடப்படும் பம்பும் ஊசியும் அதில் உரசித் தேயும்.

டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசல் எடுத்து, இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் தெளிந்த தண்ணீர்க் கோடோ செம்மண் நிற வண்டலோ தெரிந்தால் டாங்கியை இறக்கிக் கழுவி, பில்டரை மாற்றி, லைனில் புது டீசல் ஓடவிடுங்கள். அதுவரை புது நொசில்கள் பொலித்தீன் பையைவிட்டு வெளியே வர வேண்டாம்.