செடி வாடுதா? மருந்தடிக்கும் முன் இதைப் பாருங்கள்

செடி தலையைத் தொங்கப் போட்டால் உடனே தண்ணீர் ஊற்றுவோம். மறுநாளும் தொங்கினால் பூச்சிமருந்தைத் தேடுவோம். இரண்டுமே அவசரம். வாட்டம் என்றால் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எங்கே தடை என்று கீழிருந்து மேலே தேடுங்கள்.

படி 1: நேரம்
உச்சிவெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தால் பெரும்பாலும் வெயில்தான் காரணம். விடிகாலையிலும் தொங்கினாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: மண்ணும் வேரும்
மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள், அவ்வளவுதான். ஈரமாக இருந்தும் வாடுகிறதா? தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செடியை மெல்ல வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். பழுப்பாகிக் குழைந்து நாற்றமடித்தால் வேர் அழுகல்.

வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு). ஆனால் அவரை, தட்டைப்பயறு வேரில் முடிச்சைப் பார்த்ததும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! நகத்தால் சுரண்டினால் தனியாக உதிர்ந்துவிடும் முடிச்சு தழைச்சத்து சேர்க்கிற நல்ல முடிச்சு. நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

படி 3: தண்டு
கத்தரியில் ஒரே ஒரு நுனி மட்டும் தொங்கினால் துளைப்பான் புழு. நுனியை நறுக்கிப் பிளந்து பார்த்தால் ஆள் உள்ளேயே இருப்பார்.

தக்காளி, கத்தரி, மிளகாயில் இலை பச்சையாக இருக்கும்போதே முழுச்செடியும் சரிந்தால் டம்ளர் சோதனை செய்யுங்கள். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். இதற்கு மருந்தில்லை. செடியை வேரோடு எடுத்துவிட்டு, அந்த மண்ணில் இந்த மூன்றையும் மறுபடி வைக்காதீர்கள். நூல் இறங்காமல், தண்டின் உட்பக்கம் பழுப்புக் கோடாக இருந்து, கீழிலைகள் முதலில் மஞ்சளானால் பூஞ்சை வாடலாக இருக்கலாம்.

படி 4: இலையின் அடிப்பக்கம்
சாறு உறிஞ்சும் பூச்சிகள் ஒரே நாளில் செடியைச் சாய்ப்பதில்லை, சுருட்டும், மஞ்சளாக்கும். கொழுந்தில் கூட்டமாக ஒட்டியிருப்பது அசுவினி. பஞ்சுபோல் இருப்பது மாவுப்பூச்சி. செடியைத் தட்டியதும் பறப்பது வெள்ளை ஈ. வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள், கூடவே மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். எறும்பு வரிசை ஏறினால் மேலே இனிப்புக் கழிவு இருக்கிறது என்று பொருள்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

தெளிக்கும் முன் ஒன்று. முதலைக்குட்டி மாதிரி நீளமாக, கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்ன வந்தது. உப்பிப் பழுப்பேறி அசையாமல் கிடக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அந்த இலைகளை விட்டுவிடுங்கள்.