வில்பத்துக் காட்டுக்குச் செல்வோர் கவனத்துக்கு

மேலை நாடுகளில் பள்ளிகள் மூடப்படும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் நம்மவரில் பலர் ஊருக்கு வருகின்றனர். இலங்கையின் வடமேற்கிலுள்ள வில்பத்துத் தேசிய பூங்காவைப் பார்ப்பதற்கும் அதுவே ஏற்ற காலம். மழை ஓய்ந்து பல மாதங்களான அக்கோடையில் காட்டின் உட்பகுதி வறண்டுவிடுவதால், நீர் எஞ்சியிருக்கும் ‘வில்லு’ எனும் நீர்நிலைகளை நாடி விலங்குகள் வந்தே ஆகவேண்டும்.

அணைக்கட்டோ மதகோ இன்றி, மழைநீர் தானாகத் தேங்கும் இயற்கைப் பள்ளங்களே வில்லுகள். சிலவற்றின் நீர் உவர்ப்பானது. நீரை ஒட்டிப் புல்வெளியும் அதற்கப்பால் அடர்காடும் இருப்பதனால், மரங்களுக்கிடையே கண்ணில் படாத புள்ளிமான், மரை, காட்டெருமை முதலியன இங்கே வெட்டவெளியில் மேயக் காணலாம். முதலையும் நாரையும் அருகருகே கிடப்பதும் உண்டு. இந்த நீர்நிலைத் தொகுதி 2013 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

பாலை, வீரை, முதிரை என மரங்களோ வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானவையே. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் அதைத் தேடி மரமேறும் என்பதால், கிளைகளையும் அண்ணாந்து பாருங்கள். இலங்கைக் காடுகளில் புலியோ சிங்கமோ இல்லை. சிறுத்தைக்கு மேலான வேட்டை விலங்கு இல்லாததால் அது மணற்பாதையிலேயே அச்சமின்றி நடப்பதுண்டு. ஆயினும் 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள காட்டில் அதைக் காண்பது உறுதியன்று. பிள்ளைகளிடம் இதை முன்னரே சொல்லிவைப்பது நல்லது.

முதன்மை நுழைவாயில், அனுராதபுரம்–புத்தளம் வீதியிலிருந்து பிரிந்து சென்றால் வரும் ஹுனுவிலகமவில் உள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். முதல் நாளே அனுராதபுரத்தில் தங்கி, காலை 6 மணிக்கு வாயில் திறக்கும்போது நுழையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோரிடம் உள்ளூராரைவிடப் பலமடங்கு கட்டணம் அறவிடப்படுகிறது. வாகனக் கட்டணமும் வரியும் தனி. இரட்டைக் குடியுரிமை உள்ளோர் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

சிறுத்தை நிற்கிறது என்று தொலைபேசியில் செய்தி வந்ததும் ஜீப்பை விரட்டுவது சாரதிகளின் வழக்கம். அது வேண்டாம் என்று புறப்படுமுன்பே சொல்லி, ஒரு வில்லின் கரையில் இயந்திரத்தை அணைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருக்கச் செய்யுங்கள். கூடுதலாகக் காண்பீர்கள் என்பது என் கருத்து. அனுமதிக்கப்பட்ட இடங்களிலன்றி வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. உள்ளே கடைகள் இல்லாததால் தண்ணீரையும் உணவையும் எடுத்துச் சென்று, சொப்பின் பை உட்பட அனைத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.