ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளைப் பொத்தைக்கும் குளத்துக்கரைக்கும் தயார் செய்வது எப்படி?

பெங்களூரில் ஒருவர் ஓட்டி முடித்த ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் அமைப்பு உள்ள) மவுண்டன் சைக்கிளை வாங்கி, பார்சல் லாரியில் போட்டு அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்துப் பொத்தைக்கு, அதாவது சின்னப் பாறைக் குன்றுக்கு, எடுத்துப் போனேன். ஏறும்போது பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆடியது. இறங்கும்போது கல்லுக்குக் கல் சீட் எழும்பி என்னைத் தூக்கிப் போட்டது. பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக் போய்விட்டது என்று முடிவுகட்டி, புது ஷாக் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். வண்டி வாங்கிய விலையில் பாதி சொன்னார்கள்.

எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய்ப் புலம்பினேன். அவர் இந்த மாதிரி வண்டியை அதுவரை தொட்டதில்லை. ஆனாலும் ஷாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது காத்துல ஓடுற சாமான்தானே? காத்து எவ்வளவு இருக்குன்னு பாத்தியாடே?" என்று கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தபோது காற்றழுத்தம் 150 பி.எஸ்.ஐ. இருந்தது. என் எடைக்கு வேண்டியது 175. அதை மாற்றி, ஒரு குமிழைத் திருகியதும் அதே பொத்தையில் வேறு வண்டியாக ஓடியது. புது ஷாக் வாங்கவே இல்லை.

அதனால் முதலில் இருப்பதைச் சரிசெய்வோம், அப்புறம் வாங்குவோம். கீழே சொல்லும் வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆரம்பிக்கும் முன்: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

நம் பக்கம் மூன்று விதமான தரை உண்டு. குளத்துக்கரை ஓரளவு சமமாக இருக்கும், ஆனால் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த பள்ளங்கள் வரிசையாக வரும். பொத்தையில் பாறையும் சரளையும். திசையன்விளைப் பக்கம் போனால் தேரி, அதாவது செம்மணல் மேடுகள். ஒரே செட்டிங் மூன்றுக்கும் பொருந்தாது. அதிகமாக ஓட்டுவது எங்கேயோ, அதற்கு வண்டியைத் தயார் செய்யுங்கள்.

மேற்கே மலை கூப்பிடத்தான் செய்யும். ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளோடு உள்ளே போகாதீர்கள். நமக்குப் பொத்தையே போதும்.

முதல் வேலை: போல்ட்டும் ஆட்டமும்

இந்த வண்டியின் பின் சட்டம் பல இடங்களில் மடங்கி அசையும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு போல்ட்டும் சீல் பேரிங்கும் இருக்கும். சீட்டைப் பிடித்து, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மெதுவாகத் தூக்குங்கள். சக்கரம் எழுவதற்கு முன்னால் "டக்" என்று சின்ன ஆட்டம் தெரிந்தால், ஷாக்கின் இரு முனையிலும் உள்ள புஷ்ஷோ ஏதாவது ஒரு மடிப்பு பேரிங்கோ தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் போல்ட் தளர்ந்திருக்கிறது. வேறொருவர் தூக்க, நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே என்று விரலே சொல்லிவிடும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் போல்ட் தலையிலோ வண்டியின் கையேட்டிலோ நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்தை மட்டும் நம்பி இறுக்காதீர்கள். இறுக்கும் முன் போல்ட் மரையைத் துடைத்து, கையேடு சொல்லும் இடத்தில் போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு விடுங்கள். ஒரு கடையில் பேரிங் மாற்றக் கொடுத்தேன். பசை போடாமலே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் குளத்துக்கரையில் அந்த போல்ட் எங்கோ விழுந்துபோனது. கரையோரப் புல்லில் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. நான்கு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஒரு பக்கமாகப் போகிறதா என்றும் பாருங்கள். போனால் தெருக் கடையிலேயே கோட்டம் எடுத்துவிடலாம். அந்தக் கைத்திறன் நம் ஊர்க் கடைகளில் நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது வேலை: அமுக்கம் அளப்பது

இதுதான் முக்கியம். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், வண்டி நகராமலே சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். ஆங்கிலத்தில் இதை ஸாக் என்பார்கள். சஸ்பென்ஷனின் முதல் வேலை உடம்புக்குச் சொகுசு தருவது இல்லை, டயரைத் தரையோடு ஒட்டி வைப்பது. மேட்டில் அமுங்கினால் மட்டும் போதாது, பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கிப் பள்ளத்தைத் தொட வேண்டும். அதற்கு இடம் விடுவதுதான் இந்த அமுக்கம்.

பின் ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் (கம்பி உள்ளே போகக்கூடிய தூரத்தில்) 25 முதல் 30 சதவீதமும், முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் சுமார் 20 சதவீதமும் அமுங்கினால் நல்ல ஆரம்பம். என் ஷாக்கின் ஓட்டம் 55 மி.மீ. அதில் 30 சதவீதம் 16.5 மி.மீ. முன் போர்க் 140 மி.மீ., அதற்கு 28 மி.மீ. பின் சக்கரம் மேலேறும் தூரமும் ஷாக் கம்பியின் ஓட்டமும் வேறு வேறு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் அளக்க வேண்டியது ஷாக் கம்பியை.

இதற்கு ஷாக் பம்ப் வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒத்துவராது. ஷாக் பம்ப் 300 பி.எஸ்.ஐ. வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். உங்கள் ஷாக்கின் உச்ச அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

ஓட்டும்போது என்னென்ன இருக்குமோ எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள்: ஹெல்மெட், ஷூ, தண்ணீர், பை. நான் 68 கிலோ, இதெல்லாம் சேர்த்தால் 72. ஷாக்கில் பூட்டும் லீவர் இருந்தால் முழுதும் திறந்து வையுங்கள். சுவரில் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக ஏறி உட்காருங்கள், குதிக்க வேண்டாம். ஷாக் கம்பியில் உள்ள ரப்பர் வளையத்தை உறையோடு ஒட்டித் தள்ளிவிட்டு, அதே மெதுவில் இறங்குங்கள். வளையம் நகர்ந்திருக்கும் தூரத்தை ஸ்கேலால் அளக்கவும். வளையம் அறுந்துபோயிருந்தால் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டினால் போதும்.

என் வண்டியில் முதலில் 22 மி.மீ. வந்தது, அதாவது 40 சதவீதம். 10 பி.எஸ்.ஐ. ஏற்றுவேன், இறங்கி ஷாக்கை நன்றாகப் பத்துத் தடவை அமுக்குவேன், மறுபடி உட்கார்ந்து அளப்பேன். அந்தப் பத்துத் தடவையை விட்டுவிடாதீர்கள். ஷாக்குக்குள் இரண்டு காற்றறைகள் உண்டு, அமுக்கினால்தான் இரண்டும் சமமாகும். கடைசியில் 175-இல் 16 மி.மீ. வந்து நின்றது.

பம்பைக் கழற்றும்போது "புஸ்" என்று சத்தம் வரும். ஷாக் காற்று போய்விட்டதே என்று பதறி மறுபடி மாட்டாதீர்கள். போவது பம்ப் குழாயில் இருந்த காற்று. மறுபடி மாட்டினால் ஷாக் காற்று குழாயை நிரப்பும், மீட்டர் குறைவாகக் காட்டும், நீங்கள் இன்னும் ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலையில் 25 டிகிரியில் 175 வைத்தால், 38 டிகிரி மதியத்தில் அது சுமார் 8 பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அதனால் எந்த நேரத்தில் ஓட்டுவீர்களோ அந்த நேரத்திலேயே அளங்கள். நான் விடியற்காலையில்தான் அளப்பேன்.

மூன்றாவது வேலை: சிவப்புக் குமிழ்

அமுங்கிய சஸ்பென்ஷன் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழ வேண்டும் என்பதை ரீபவுண்ட் குமிழ் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். கடிகாரச் சுற்றில் முழுதும் மூடினால் மிக மெதுவாக எழும். அங்கிருந்து எதிர்ச் சுற்றில் திறந்துகொண்டே எத்தனை "க்ளிக்" என்று எண்ணி, நடுவில் நிறுத்துங்கள். மொத்த எண்ணிக்கையையும் நின்ற இடத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

இப்போது வீட்டு வாசல் படி ஒன்றிலிருந்து உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். அரை அடிப் படி போதும். பின்பக்கம் அமுங்கி, எழுந்து, ஒரே தடவையில் அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை துள்ளினால் ஒரு க்ளிக் மூடுங்கள். சோம்பலாக எழுந்தால் ஒரு க்ளிக் திறங்கள்.

படியில் சரியாக இருப்பது தரையில் தவறலாம். குளத்துக்கரையில் அந்தக் குளம்புப் பள்ளங்கள் வரிசையாக வருகிற இடத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு பள்ளம் மெத்தென்று இருந்து, நாலாவது ஐந்தாவதில் கல் மாதிரி இறுகினால், ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்து அமுக்கிவிடுகிறது. பொத்தை இறக்கத்தில் சீட் உங்களைத் தூக்கிப் போட்டால் வேகம் அதிகம். எனக்கு நேர்ந்தது இரண்டாவது. ஒன்று நினைவில் இருக்கட்டும்: காற்றை ஏற்றினால் ஷாக் எழும் வேகமும் கூடும். எனவே காற்றை மாற்றினால் சிவப்புக் குமிழையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே முந்நூறு மீட்டர் துண்டை மூன்று தடவை ஓட்டுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். காற்று, குமிழ், டயர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது நல்லது செய்தது என்று தெரியவே தெரியாது.

நான்காவது வேலை: டயர், இங்கேதான் முதல் செலவு

காசு செலவழிக்க ஆசையா? முதலில் டியூப்லெஸ் ஆக்குங்கள். உடைமரமும் சீமைக் கருவேலமும் இருக்கிற ஊரில் டியூபோடு பொத்தைக்குப் போனால், பாதி நேரம் பஞ்சர் ஒட்டுவதில் போய்விடும்.

ரிம்மும் டயரும் டியூப்லெஸுக்கு ஏற்றவையா என்று முதலில் பாருங்கள். ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. அகலமான டியூப்லெஸ் டேப்பை ரிம்மின் உள்ளே இழுத்து, சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். வால்வு மாட்டி, டயரின் ஒரு பக்கத்தை ஏற்றி, சக்கரத்துக்கு 100 மி.லி. அளவில் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். காற்றை வேகமாக ஏற்றினால் டயர் விளிம்பு "டப் டப்" என்று ரிம்மில் உட்காரும். வீட்டுப் பம்பில் உட்காரவில்லை என்றால் கம்ப்ரசர் உள்ள பஞ்சர் கடைக்குப் போங்கள்.

முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பிவையுங்கள். சீலன்ட் அங்கே இறங்கி அடைக்கும். நம் வெக்கையில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் இல்லையென்றால் ஊற்ற வேண்டும்.

என் எடைக்கு 2.4 அங்குல டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். தேரிக்குப் போனால் இரண்டிலும் நான்கு குறைப்பேன், கல் தரைக்குத் திரும்பும் முன் ஏற்றிவிடுவேன். மறந்தால் ரிம் கல்லில் அடிவாங்கும்.

ஐந்தாவது வேலை: பிரேக்

அடுத்த செலவு இங்கே. தேய்ந்த பேடை மாற்றுங்கள். நீண்ட இறக்கத்துக்கும் மழைக்கும் உலோகப் பேட் நல்லது, ஆனால் டிஸ்க்கில் ரெசின் பேட் மட்டும் என்று அடித்திருந்தால் அதையே போட வேண்டும். புதுப் பேட் போட்டதும் சமதரையில் 20 கிலோமீட்டர் வேகம் பிடித்து, நடை வேகத்துக்கு வரும் வரை சீராக அழுத்துங்கள். இருபது தடவை. அதன்பிறகுதான் முழுப் பிடி வரும்.

பிரேக் எண்ணெயில் இரண்டு வகை: மினரல் ஆயில், டாட். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு, பிரேக்கே போய்விடும். லீவர் மூடியில் எது என்று எழுதியிருக்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் வீடுகளில் உண்டு. அது மண்ணை இழுத்துச் சேர்க்கும், சிந்தி டிஸ்க்கில் பட்டால் பேடும் வீண். செயினுக்கென்றே விற்கும் உலர் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் வாங்க வேண்டியவை

ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் மிக நல்ல செலவு. இறக்கத்தில் உடம்பை நகர்த்த இடம் கிடைக்கும். வாங்கும் முன் சீட் குழாயின் உள் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவை ஓட்டி வந்த பிறகும் ஷாக்கின் ரப்பர் வளையம் கம்பியின் கடைசி வரை போயிருந்தால், அமுக்கமும் சரியாக இருந்தால், காற்றறையில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பான் சேர்க்கலாம். ஓட்டத்தின் கடைசிப் பகுதி மட்டும் இறுகும். அறையைத் திறக்கும் முன் காற்றை முழுதும் இறக்குங்கள். இறக்காமல் திருகினால் மூடி பறந்து முகத்தில் அடிக்கும்.

கார்பன் ஹேண்டில்பார், விலை கூடிய சக்கரம் இதெல்லாம் முதல் வருஷத்துக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கழுவுவது

வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தத் தண்ணீர் அடிக்கக் கொடுக்காதீர்கள், சீல் தாண்டி பேரிங்குக்குள் தண்ணீர் போகும். வாளித் தண்ணீரும் பழந்துணியும் போதும். ஓட்டி வந்ததும் ஷாக் கம்பியையும் போர்க் கம்பிகளையும் மட்டுமாவது துடைத்துவிடுங்கள். தேரி மண் அந்த சீலில் உட்கார்ந்தால் கம்பியில் கோடு விழும், கோடு விழுந்த கம்பியில் காற்று நிற்காது. போர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றும் வேலைக்கு உங்கள் கையேடு ஒரு மணிக்கணக்கு சொல்லும், சிலவற்றில் 50 மணி நேரம். ஆடிக் காற்றில் புழுதியில் ஓட்டுகிறவர்கள் அந்தக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் அதை முடித்துவிட்டு, காலையில் ஒருமுறை அமுக்கத்தை மறுபடி அளந்து, நோட்டில் புதுத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.