மலைச்சரிவில் பூச்சிமருந்து கொட்டிவிட்டால்: புதிதாகக் குடோன் வேலைக்கு வந்தவர்களுக்கு

நீலகிரியில் கேத்தி பக்கம் ஒரு காய்கறித் தோட்டம். ஐந்து லிட்டர் கேன் ஒன்று குடோன் வாசல்படியில் விழுந்து மூடி தெறித்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாற்றம் தாங்காமல் "ஹோஸைப் போட்டு அடிங்கண்ணா" என்று கத்தியது நான்தான். ஐந்து நிமிடத்தில் வாசல் பளிச். களை எடுக்க வந்திருந்த ஒரு அக்கா மட்டும் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க லைனுக்குத் தண்ணி மொள்ளுற குழி அங்கதானே இருக்கு?" என்றார். அப்புறம் பல நாள் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற அந்த லைன் வீடுகளுக்கு ஜீப்பில்தான் தண்ணீர் போனது.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கையுறை மாட்டுவதை அல்ல, கீழே பார்ப்பதை. பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் சமதளத் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கொட்டினது கொட்டின இடத்தில் குளமாக நிற்கும். நம் ஊரில் நிற்காது. பாத்தி, வாய்க்கால், ஓடை என்று இறங்கிக்கொண்டே இருக்கும், மழை நாளென்றால் நீங்கள் பூட்ஸ் மாட்டி முடிப்பதற்குள் அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும்.

படி 1: பீட்ரூட் தண்ணீர்

இதை எதுவும் கொட்டாத நாளில் செய்யுங்கள். விற்காமல் கிடக்கிற பீட்ரூட் ஒரு கிலோவை வெட்டி வேகவைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு பக்கெட்டில் எடுத்து, மழை தூறும்போது குடோன் வாசலில் ஊற்றுங்கள். பின்னாடியே நடந்து போங்கள். எந்த மூலையில் திரும்புகிறது, எந்தக் கல்லுக்கு அடியில் மறைகிறது, எங்கே வாய்க்காலில் சேர்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். அது வாய்க்காலைத் தொடுவதற்கு முன்னால், ஒரு ஆள் நின்று மண்வெட்டியால் மண்ணை இழுத்து அடைக்க முடிகிற இடம் ஒன்றாவது இருக்கும். அங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள். உங்கள் தோட்டத்தின் மிக முக்கியமான இடம் அதுதான். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை மட்டும் செய்துவிட்டு மீதியை விட்டுவிடலாம் என்பேன்.

படி 2: சாமான்

காய்ந்த மணல் இரண்டு சாக்கு, மரத்தூள் ஒரு சாக்கு, பிளாஸ்டிக் முறம், மண்வெட்டி, பழைய பிரஷ், கனமான பிளாஸ்டிக் பைகள், இறுக மூடுகிற டிரம் ஒன்று, சோப்பு. உடம்புக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் ஏப்ரன். துணிக் கையுறை வேண்டவே வேண்டாம், அது மருந்தைக் குடித்துவிட்டுத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே சொருகினால் வழிகிறதெல்லாம் பூட்ஸுக்குள் போய்ச் சேரும். அட்டைப்பூச்சிக்குப் பயந்து எல்லோரும் உள்ளேதான் சொருகுவார்கள், அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கொரோனா காலத்து மூன்றடுக்கு மாஸ்க் மருந்தின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் தனியாக உண்டு.

இவற்றைக் குடோனுக்கு வெளியே வையுங்கள். உள்ளே மருந்து கொட்டிக் கிடக்கும்போது அதை மிதித்துக்கொண்டு போய் மணல் எடுக்க முடியாது. ஜூனிலும் அக்டோபரிலும் மணல் ஈரமாகிவிடும், ஈர மணல் எதையும் உறிஞ்சாது. தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

படி 3: லேபிள்

ஒவ்வொரு கேனிலும் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் நமக்கு வேண்டியது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. 1971 பூச்சிக்கொல்லி விதிகளின்படி வந்த பாகுபாடு இது. சோதனை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கும்போது, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே பாதி எலிகள் செத்துவிட்டால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தம் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் களைக்கு அடிக்கிற பாராகுவாட் சிவப்பு லேபிள் கிடையாது, ஆனால் வாய்க்குள் போனால் அதற்கு மாற்றுமருந்தே இல்லை.

குடோனில் இருக்கிற ஒவ்வொரு மருந்தின் லேபிளையும் அதோடு வருகிற துண்டுச்சீட்டையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டின பிறகு நனைந்த லேபிளைப் படிக்க முடியாது.

படி 4: கொட்டிவிட்டது, இப்போது?

முதலில் பீடியை அணையுங்கள். எண்ணெய் மாதிரி இருக்கிற பல மருந்துகளில் தீப்பற்றும் கரைப்பான் கலந்திருக்கும். குளிருக்காக உள்ளே கரி அடுப்பு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போகாதீர்கள், எல்லோரையும் வெளியே கூப்பிடுங்கள். ஆட்கள் மேட்டுப் பக்கம், காற்று வருகிற பக்கம் நிற்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் மஞ்சு (மூடுபனி) நகர்வதைப் பாருங்கள். கதவு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். குளிருகிறது என்று சாத்துகிற கை ஒன்று எப்போதும் இருக்கும்.

சரி, கையுறையும் பூட்ஸும் மாட்டியாயிற்று. எல்லோருக்கும் கை தானாகப் போவது கவிழ்ந்த கேனை நிமிர்த்தத்தான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் அதைச் செய்யலாம், இன்னொருவர் நேராகக் குச்சி நட்ட இடத்துக்கு ஓட வேண்டும். ஒரே ஆள் என்றால் கீழே அடைத்துவிட்டு வந்துதான் கேன். கேனில் மிச்சம் இருப்பது போனால் பணம் போகும், ஓடையில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

பிறகு மணலையோ மரத்தூளையோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போடுங்கள். நடுவில் கொட்டினால் விளிம்பு இன்னும் பரவும். ஊறும்வரை பொறுத்து, முறத்தால் அள்ளிப் பையில் போட்டு, மறுபடி புதிதாகத் தூவுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும். கடைசியில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் மரத்தூளால் ஒற்றி எடுத்துப் பையில் போட வேண்டும். ஹோஸ் பக்கமே போகாதீர்கள். மண்தரை என்றால் நனைந்த மண்ணை அடியில் காய்ந்த மண் தெரியும்வரை வெட்டி எடுங்கள். தூள் மருந்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் பாதி உங்கள் மூக்குக்குள் போகும், லேசாக ஈர மணல் போட்டு அமுக்கி அள்ளுங்கள். அமோனியம் நைட்ரேட் மாதிரி உரம் கொட்டினால் மரத்தூள் கூடாது, தீப்பிடிக்க உதவும்.

இரண்டு இடத்தில் வீரம் காட்டக் கூடாது. ஒன்று, கொட்டினது பெரிய டிரம், அல்லது உள்ளே நுழைந்ததும் தலை சுற்றுகிறது என்றால் வெளியே வந்து அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, தானியத்துக்குப் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அதில் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொல்லும் வாயு வரும், மலைக்காற்றின் ஈரமே அதற்குப் போதும். டப்பா உடைந்திருந்தால் மணலும் வேண்டாம், தண்ணீர் வேண்டவே வேண்டாம், ஆட்களை விலக்கிவிட்டு ஃபயர் சர்வீஸ் வரட்டும்.

படி 5: மேலே பட்டுவிட்டால்

துணியை உடனே கழற்றுங்கள், கூச்சம் பார்க்கிற நேரம் இல்லை. சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கண்ணுக்கும் அதே 15 நிமிடம், அங்கே வெறும் தண்ணீர் மட்டும். டிசம்பர் குளிரில் அது எவ்வளவு கொடுமை என்று தெரியும், அதற்காகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், சூடு பட்ட தோல் மருந்தை இன்னும் வேகமாக இழுக்கும். வெதுவெதுப்பு போதும். கழுவின பிறகு கம்பளி போர்த்துங்கள்.

பனி விழுகிற காலையில் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டுகிறதா? வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறதா? ஆர்கனோபாஸ்பேட் என்கிற வகைப் பூச்சிமருந்து வேலையைக் காட்டுகிறது என்று பொருள். உடனே 108. விழுங்கிவிட்டவருக்கு உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எல்லாம் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விட்டால் அதுவே ஆளைக் கொல்லும். போனில் இருக்கிற லேபிள் படத்தை டாக்டரிடம் காட்டுங்கள், அவருக்கு முதலில் வேண்டியது மருந்தின் பெயர்தான்.

படி 6: கழிவும் காலிக் கேனும்

அள்ளின மணல், மரத்தூள், மண், கையுறை எல்லாம் அந்த டிரம்முக்குள். மேலே மருந்தின் பெயரையும் தேதியையும் அழியாத மையில் எழுதுங்கள். இனி அது மருந்து மாதிரியேதான், பூட்டின குடோனில் இருக்கும், குப்பை வண்டியில் ஏறாது. எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் மருந்து விற்ற டீலரிடமும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

காலிக் கேனில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, 30 விநாடி குலுக்கி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. பிறகு அடியில் ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே யார் வீட்டிலாவது மண்ணெண்ணெய்க் கேனாக நிற்கும். எரிப்பதும் கூடாது. உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்கச் சொல்கிறது விதி. மேலே ஊற்று, கீழே ஊர் என்று இருக்கிற சரிவில் அந்தத் தொலைவை எங்கே போய்த் தேடுவது? அதனால் நான் புதைப்பதில்லை, கழுவி ஓட்டை போட்டுச் சாக்கில் கட்டி வைத்து டீலரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் தடை என்று பர்லியார் செக்போஸ்ட்டில் டூரிஸ்ட் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிற மாவட்டத்தில், ஓடைக்கரையில் களைக்கொல்லிக் கேன் மிதப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எல்லாம் முடிந்து டீ குடிக்கப் போவதற்கு முன்னால், கை கழுவிவிட்டு, காலியான மணல் சாக்கை நிரப்பிக் கட்டி அதே இடத்தில் வையுங்கள். குச்சி விழுந்திருந்தால் திரும்ப நடுங்கள்.