யுகே போக நினைக்கும் நர்ஸுகளுக்கு: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் 6-ஐத் தாண்டுவது எப்படி

யுகே-வுக்கு நர்ஸாகப் போக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த கோச்சிங் சென்டர் நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. யாரிடமும் பணம் கட்டாமல், ஒரு லீவு நாள் காலையில் போனை அணைத்து வைத்துவிட்டு, ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து முழுசாக எழுதிப் பாருங்கள். தேர்வை நடத்துகிறவர்களின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. லிசனிங் சுமார் 30 நிமிடம், ரீடிங் 60, ரைட்டிங் 60. நடுவில் டீ குடிக்க எழுந்து போகக் கூடாது. அன்றைக்கு வருகிற மதிப்பெண்தான் உங்கள் உண்மையான நிலைமை. எந்தப் பகுதிக்கு உதவி தேவை, எதைத் தனியாகவே படித்துக்கொள்ளலாம் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

அடுத்தது இலக்கு. யுகே-வில் நர்ஸாகப் பதிவு செய்ய என்எம்சி (அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்கிற நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில்) கேட்பது 9-க்கு மொத்தம் (நான்கு பகுதிகளின் சராசரி) 7, அதோடு லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் ஒவ்வொன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ரைட்டிங்கிலும் 7 கேட்டுக்கொண்டிருந்ததை 2018-இல்தான் 6.5 ஆக்கினார்கள். "மொத்தம் 7 வந்தால் போதும்" என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர், அதில் நானும் உண்டு. முதல் தடவை எனக்கு லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. சராசரி 6.875, அதை 7 என்று ஏற்றிப் போட்டிருந்தார்கள். ரிசல்ட்டைத் திறந்ததும் மேலே இருந்த 7-ஐப் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன், அப்புறம்தான் கீழே இருந்த 6 கண்ணில் பட்டது. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டவும் என்எம்சி-யில் வழி இருக்கிறது, ஆனால் நிபந்தனைகள் உண்டு, அவர்களுடைய தளத்தில் நீங்களே ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐஇஎல்டிஎஸ்-க்குப் பதிலாக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதலாமே என்றும் கேட்பார்கள். எழுதலாம், என்எம்சி அதையும் ஏற்கிறது, அதில் மூன்று பகுதிகளில் பி, ரைட்டிங்கில் சி பிளஸ் வேண்டும். அது முழுக்க மருத்துவச் சூழலிலேயே இருக்கும், ரைட்டிங்கில் கட்டுரைக்குப் பதிலாக நோயாளியைப் பற்றிய கடிதம் எழுதுவீர்கள். தினமும் கேஸ் ஷீட்டும் ஹேண்ட் ஓவரும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு அது கைக்கு வரும். கட்டணம் அதிகம் என்பதால் நான் ஐஇஎல்டிஎஸ் பக்கம் போனேன், இங்கே அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரைட்டிங்கிலிருந்தே தொடங்குகிறேன், நம்மவர்கள் அரை மதிப்பெண்ணில் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். 60 நிமிடத்தில் இரண்டு டாஸ்க். டாஸ்க் 1-இல் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 வார்த்தை, டாஸ்க் 2-இல் குறைந்தது 250 வார்த்தையில் ஒரு கட்டுரை. டாஸ்க் 2-க்கு இரண்டு மடங்கு மதிப்பு, அதனால் 20 நிமிடம் முதலாவதற்கு, 40 நிமிடம் இரண்டாவதற்கு. டாஸ்க் 1-இல் கிராஃபில் இருக்கிற எண்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிட்டு, மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது பெரியது என்கிற ஓவர்வியூவை இரண்டு வரியில் எழுதாமல் விட்டால் அந்தப் பகுதி 5-லேயே மாட்டிக்கொள்ளும். அறிமுக வரி முடிந்ததும் ஓவர்வியூவை எழுதிவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் நேரம் இருக்காது.

நான் சேர்ந்திருந்த சென்டரில் டாஸ்க் 2-க்கு ஒரு டெம்ப்ளேட் கொடுத்தார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் "இன் திஸ் மாடர்ன் எரா" என்று ஆரம்பித்து, நடுவில் இருக்கிற கோடிட்ட இடங்களைத் தலைப்புக்கு ஏற்ப நிரப்பினால் போதும் என்றார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்த்தான் 6 வாங்கினேன். திருத்துகிறவர்கள் அந்த வரிகளை ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். அவர்கள் பார்ப்பது நான்கு விஷயம்: கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் இருக்கிறதா, கருத்துகள் கோர்வையாகப் போகின்றனவா, சொற்கள் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சமமான மதிப்பு. டெம்ப்ளேட் முதல் விஷயத்திலேயே காலை வாரிவிடும்.

இரண்டாவது தடவைக்குத் தயாரானபோது மாற்றியது இதைத்தான். "ஆஸ்பத்திரிகள் சிகிச்சையை விட நோய்த்தடுப்புக்கு அதிகம் செலவிட வேண்டும், ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். முன்பு என்றால் "தடுப்பு மிக முக்கியம், அது சமூகத்துக்கு நல்லது, அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று காற்றில் எழுதியிருப்பேன். இப்போது வார்டில் பார்த்ததை எழுதினேன். சர்க்கரையைப் பல வருடம் கவனிக்காமல் விட்டுவிட்டுக் காலில் புண்ணோடு அட்மிட் ஆகிறவருக்கு வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக், சில சமயம் விரலையே எடுக்கிற ஆபரேஷன். தொடக்கத்திலேயே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையும் வருடா வருடம் பாதப் பரிசோதனையும் நடந்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஏன், அதற்கு ஒரு உதாரணம், அவ்வளவுதான். எளிய ஆங்கிலத்திலேயே எழுதலாம், அகராதியில் தேடிப் பிடித்த பெரிய வார்த்தையைத் தப்பான இடத்தில் போடுவதை விட அது எவ்வளவோ மேல்.

இலக்கணத்தில் நமக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. தமிழில் ஏ, ஆன், தி கிடையாது, அதனால் எழுதும்போது அவை தானாக விழுந்துவிடும். ஹி, ஷி-க்குப் பின்னால் வர வேண்டிய எஸ் விழுந்துவிடும். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று சொல்லிப் பழகியிருப்போம், "ஐ ஹேவ்" என்றாலே போதும். "டிஸ்கஸ் அபௌட்" தப்பு, அபௌட் வேண்டாம். "கோப் அப் வித்" தப்பு, அப் வேண்டாம். நர்ஸுகளுக்கு இன்னும் ஒரு வரிசை இருக்கிறது, தினமும் வார்டில் புழங்குகிற வார்த்தைகள்: எக்விப்மென்ட்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைஸஸ். இந்த மூன்றிலும் கடைசியில் எஸ் வராது. ஒரு நோட்டுப் போட்டு உங்களுடைய தவறுகளை மட்டும் எழுதி வையுங்கள். என் நோட்டில் பதினோரு வகைதான் இருந்தன, திரும்பத் திரும்ப அதே பதினொன்று. தேர்வில் கடைசி ஐந்து நிமிடம் புதிதாக எதுவும் எழுதாமல் அந்தப் பதினொன்றை மட்டும் தேடித் திருத்தினேன்.

வாரத்துக்கு மூன்று கட்டுரை போதும், ஆனால் மூன்றையும் யாராவது திருத்த வேண்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் மூன்று மாத வகுப்புக்குக் கட்டுவதை விட, விஷயம் தெரிந்த ஒருவரிடம் பத்துக் கட்டுரைகளைத் திருத்தி வாங்கச் செலவழியுங்கள் என்பேன். திருத்தி வந்ததை அப்படியே மூடி வைக்காமல், மூன்று நாள் கழித்து அதே கேள்விக்கு மறுபடி எழுதுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. எனக்கு முன்னேற்றம் வந்ததே அந்த இரண்டாவது எழுத்தில்தான்.

லிசனிங்கில் எல்லாம் ஒரே ஒரு தடவைதான் ஓடும். 40 கேள்வியில் சுமார் 30 சரியானால் 7 வரும், ரீடிங்கிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். முதல் பகுதியில் பெயர், முகவரி, போன் நம்பர் சொல்லுவார்கள், அங்கே "டபுள் எல்", "டபுள் ஃபோர்" என்று வேகமாகப் போகும். தர்ட்டீனா தர்ட்டியா என்று குழம்பும். நாம் ஹெச் என்று சொல்லும் எழுத்தை அவர்கள் ஏய்ச் என்பார்கள். ஒரு தேதியைச் சொல்லிவிட்டு "இல்லை இல்லை, அன்றைக்கு முடியாது" என்று வேறு தேதிக்கு மாறுவார்கள், முதலில் கேட்டதை எழுதிவிட்டு ஓய்ந்துபோகக் கூடாது. ஸ்பெல்லிங் தப்பினால் விடையே தப்பு. பஸ்ஸில் போகும்போது பிபிசி ரேடியோவைக் காதில் ஓடவிடுங்கள், முதல் இரண்டு வாரம் பாதிதான் புரியும், பரவாயில்லை.

ரீடிங்கில் மூன்று நீளமான பத்திகள் (பேசேஜ்), 60 நிமிடம், போகப் போகக் கடினமாகும், அதனால் நான் 15, 20, 25 என்று பிரித்துக்கொண்டேன். எல்லாரையும் படுத்துவது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். "அந்த ஆஸ்பத்திரி 1950-இல் 40 படுக்கைகளோடு தொடங்கியது" என்று பத்தியில் இருக்கிறது. கேள்வியில் "60 படுக்கைகளோடு தொடங்கியது" என்றால் ஃபால்ஸ், பத்தி அதை மறுக்கிறது. "அது அந்த ஊரின் முதல் ஆஸ்பத்திரி" என்றால் நாட் கிவன், அதைப் பற்றிப் பத்தி வாயே திறக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பாதீர்கள். மருத்துவம் சம்பந்தமான பத்தி வந்தால் நர்ஸுகள் இதில்தான் வழுக்குவார்கள்.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம், எதிரில் ஒரு ஆள் இருப்பார், சில இடங்களில் வீடியோ காலில். பிரிட்டிஷ் உச்சரிப்பை வரவழைக்க முயற்சி செய்யாதீர்கள், தெளிவாகப் பேசினால் போதும். ஆனால் புக்கு, பேக்கு, டெஸ்ட்டு என்று வார்த்தை முடிவில் நாம் ஒட்டுகிற அந்த உகரத்தைக் குறைக்க வேண்டும். போனில் ரெக்கார்ட் செய்து கேட்டால்தான் அது காதில் விழும். இரண்டாம் பகுதியில் தலைப்பு எழுதிய கார்டு கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள், பிறகு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். நடுவில் அவர்கள் நிறுத்தினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம், பதற வேண்டாம். நானும் ஹாஸ்டல் தோழியும் டூட்டி முடிந்து நடந்து வரும்போது ஆளுக்கு ஒரு கார்டு எடுத்துப் பேசுவோம். கேட்டில் நுழையும் வரை தமிழ் கிடையாது.

கணினியில் எழுதினால் வார்த்தை எண்ணிக்கையைத் திரையே காட்டும், பத்தியை இடம் மாற்றுவதும் சுலபம். ஆனால் பக்கத்து சீட்டுக்காரர்கள் தட்டுகிற சத்தம் தொடர்ந்து கேட்கும், வீட்டில் அமைதியாக மட்டுமே பழகியவர்களுக்கு அது தொந்தரவு. டைப்பிங் வேகம் இல்லை என்றால் முதல் மாதமே அதைத் தொடங்குங்கள்.

தேதி எப்போது எடுப்பது? கடைசியாக எழுதிய மூன்று மாதிரித் தேர்வுகளிலும் லிசனிங், ரீடிங் இரண்டிலும் 30-க்கு மேல் வந்த பிறகு. வார்டு வேலையோடு படிக்கிறவர்களுக்கு மூன்று மாதமாவது ஆகும். நைட் டூட்டி வாரத்தில் தேர்வு விழாமல் பாருங்கள், டூட்டி ரோஸ்டரைப் பார்த்துவிட்டு புக் செய்யுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம், புக் செய்தபோது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைத்தான் எடுத்துப் போக வேண்டும்.

"தேர்வு எழுதாமலே சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று மெசேஜ் வரும். தயவுசெய்து பதில் கூடப் போடாதீர்கள். ரிசல்ட் கேட்கிற நிறுவனங்கள் அதை ஆன்லைனிலேயே சரிபார்ப்பார்கள், போலி என்று தெரிந்தால் பணத்தோடு உங்கள் நர்ஸ் வேலையும் ஆபத்தில் விழும்.

ரிசல்ட்டில் ரைட்டிங்கோ ஸ்பீக்கிங்கோ அரை மதிப்பெண் குறைந்து, மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து அதை விட நன்றாக வந்திருந்தது என்றால் மறு மதிப்பீடு கேட்கலாம். தேர்வு தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். லிசனிங்குக்கும் ரீடிங்குக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன், அவற்றில் விடை சரி அல்லது தப்பு, மாறுவது அபூர்வம். முதல் தடவை என் 6-க்கு நானும் கேட்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் எழுதிப் பார்த்த கட்டுரைகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது அவையும் 6-தான், அதனால் அந்தப் பணத்தைக் கட்டுரை திருத்தக் கொடுத்தேன்.