சிரிப்பு வராத பன்றித் தலை: வராக அவதார நாடகத்துக்குச் செய்யும் விதம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே எனக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. வேளாண்மை, அதாவது நெற்பயிர், கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் இரவுப் படுக்கை வாடியில், வயல் காவல் குடிலில்தான். காட்டுப்பன்றி இறங்கினால் ரின் தகரத்தைத் தட்டி, டோர்ச் அடித்து, கூக்குரல் போட்டுத் துரத்துவேன். அப்படிப்பட்ட ஆளிடம்தான் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் வந்து, "வராகத்துக்கு ஒரு தலை செய்து தாங்க மாமா" என்று நின்றார்கள். எங்கள் அப்பா கூத்துக்குப் பிரம்பு வளைத்துக் கரப்புடுப்பு என்ற கூடு போன்ற உடுப்புக் கட்டியவர். அந்தக் கைப்பழக்கம் எனக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

முதலாம் வருஷம் நான் செய்த தலைக்குச் சபை விழுந்து விழுந்து சிரித்தது. காது தொங்கியது, நிறம் ரோஸ், மூக்கு போத்தல் மூடி மாதிரி. வராகத்தோடு சண்டை பிடிக்கும் அசுரன் இரணியாட்சன் வேஷம் போட்ட பொடியனே கதாயுதத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தான். நான் செய்தது கூட்டில் வளர்க்கும் பன்றி. தேவைப்பட்டது காட்டில் நிற்கும் ஆண் பன்றி. அதை நான் எத்தனை இரவு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன், செய்யும்போது மறந்துபோனேன்.

தொடங்குமுன் எந்தப் பன்றி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கம் சைவ ஊர்கள், பன்றி என்றதும் அடிமுடி தேடிய கதைதான் ஞாபகம் வரும். அதில் திருமால் பன்றியாகி மண்ணைக் குடைந்து போய், சிவனின் அடியைக் காணாமல் களைத்துத் திரும்புகிறார். திருவிளையாடலில் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். இந்த நாடகத்தில் வருவது தசாவதாரத்தின் மூன்றாவது. பாதாளத்தில் அமிழ்ந்த பூமியைக் கொம்பில் ஏந்தி மேலே வருகிற பன்றி. தேடிக் களைத்த பன்றிக்கு முகம் கீழே பார்க்கும், தூக்கி வருகிற பன்றிக்கு மேலே பார்க்கும். செய்யும் தலையின் மூக்கு நுனி நாலு விரலாவது உயர்ந்து நிற்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படம் பார்த்துச் செய்பவர்கள் மாமல்லபுரத்து வராக மண்டபத்துச் சிற்பத்தைப் பாருங்கள், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. மனித உடல், பன்றித் தலை, ஒரு கால் நாகத்தின் மேல், தொடையில் பூமாதேவி. கஜுராஹோவில் இருப்பதுபோல நாலு காலில் நிற்கும் முழுப்பன்றியும் உண்டு. அது மேடைக்குச் சரிவராது, உள்ளே போகிற பிள்ளைக்கு முதுகு முறியும்.

சரி, வேலைக்கு வருவோம். நாடகம் மார்கழியில், வைகுண்ட ஏகாதசியை ஒட்டி என்றால் புரட்டாதியிலேயே தொடங்குங்கள். மாரி பிடித்துவிட்டால் மட்டக்களப்பில் கடதாசி காயாது. ஒரு வருஷம் கார்த்திகையில் தொடங்கி, கடைசியில் நெல் அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தேன். நாடகம் முழுக்கப் பிள்ளைக்குப் புகை மணம்.

வேஷம் கட்டும் பிள்ளையின் தலையைச் சுற்றிக் கயிற்றால் அளந்து, மூன்று விரல் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு ஒரு பானையைக் கவிழ்த்து, மேலே வயற்களியை அப்பிப் பன்றி முகம் பிடிக்கவேண்டும். மூக்கு நீளம் ஒரு சாண். கீழ்த்தாடை வேண்டாம், இதை மட்டும் மறக்காதீர்கள். மேல்தாடை பிள்ளையின் மூக்குக்கு மேலே நிற்கட்டும். அப்போது பிள்ளையின் கண் பன்றியின் திறந்த வாய் வழியே பார்க்கும், பிள்ளையின் வாய் வெளியே இருக்கும். முழுத்தலையாக மூடிச் செய்த வருஷம் பாட்டு ஒன்றும் சபைக்குக் கேட்கவில்லை. மூச்சு முட்டி, பிள்ளை பூமியை எடுக்குமுன் தலையைக் கழற்றிவிட்டான்.

களியை நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு ஐந்து கோப்பை தண்ணீர் விட்டுக் கட்டி விழாமல் காய்ச்சினால் பசை. கொஞ்சம் உப்பும் நாலு சொட்டு வேப்பெண்ணெயும் போட்டால் பூச்சி அண்டுவது குறையும். முதல் படை வெறும் தண்ணீரில் நனைத்த பேப்பர், பசை கூடாது. அப்போதுதான் களியிலிருந்து கழரும். மறுகா ஒரு படை பேப்பர், ஒரு படை சீமெந்துப் பைக் கடதாசி என்று மாற்றி மாற்றி எட்டுப் படை. நிறம் மாறுவதால் எங்கே விடுபட்டது என்று கண்ணுக்குத் தெரியும். துண்டுகள் இரண்டு விரல் அகலம், கையால் கிழித்தது. கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் படியாமல் தழும்பாக நிற்கும். நாளைக்கு இரண்டு படைக்கு மேல் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கம் பிளந்து, பானையை எடுத்து, களியைச் சுரண்டிவிட்டு, பிளவை ஒட்டினால் போதும்.

கொம்பு என்று நாங்கள் சொல்வது கோரைப்பல். ஆண் பன்றிக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இரண்டுமே மேல்நோக்கி வளையும், ஒன்றில் ஒன்று உரசித்தான் கீழ்ப்பல் கூராகிறது. கீழ்த்தாடை இல்லாத எங்கள் தலையில் மேல்தாடையின் இரு பக்கமும் பல் வைத்தாலும் பொய்யில்லை. முள்முருக்கு மரத்தில் செதுக்குங்கள், பாரம் இருக்காது. நுனியை மழுக்கிவிடவேண்டும், பக்கத்தில் நிற்பதும் பிள்ளைதானே. காது கமுகம் பாளையில் வெட்டியது, சிறிதாக, நிமிர்ந்து. பிடரி மயிருக்குப் பழைய தும்புத்தடியை, கூட்டுகிற தும்பு விளக்குமாற்றைப் பிரித்து, நெற்றியிலிருந்து முதுகு வரை ஒரு வரிசை. இந்த ஒரு வரிசையால்தான் சிரிப்பு நின்றது. பன்றி கோபத்தில் மயிர் சிலிர்த்து நிற்பதைப் பார்க்காத ஆள் எங்கள் சபையில் இல்லை.

நிறம் கறுப்பும் சாம்பலும். அதன்மேல் சேற்று நிறத்தில், மேலிருந்து கீழே வழிகிற கோடுகள். ஆண்டாள் அந்தப் பன்றியை "மாசுடம்பில் நீர்வாரா" என்று பாடுகிறாள், அழுக்கு உடம்பில் நீர் வடிய நிற்கிறதாம். கடலுக்குள்ளிருந்து அப்போதுதான் எழுந்தது. பளபளப்பு வார்னிஷ் அடித்துக் கெடுக்காதீர்கள்.

மேடைக்கு இரண்டு யோசனை. பாகவதத்தில் வராகம் முதலில் பிரம்மாவின் மூக்கிலிருந்து கட்டைவிரல் அளவில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே யானை அளவு வளர்கிறது. அதனால் களியில் விரலளவு பன்றி ஒன்று செய்து பிரம்மாவின் கையில் கொடுங்கள். அவர் அதைச் சபைக்குக் காட்டிவிட்டு மறைக்க, பின்னால் பெரிய தலை எழும்பவேண்டும். கடலுக்கு நாலு நீலச் சேலை, இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட ஆள். பூமாதேவியைப் பல்லில் தூக்க நினைக்கவேண்டாம். அவள் சேலைக்குப் பின்னால் ஒரு வாங்கில் (பெஞ்சில்) குந்தியிருந்து எழும்பினால், பன்றி மூக்கை அவள் பக்கம் சாய்த்தால், அதுவே தூக்குவது. இரணியாட்சனின் முடிவும் லேசுதான்: கதாயுதச் சண்டை பிடித்தாலும் கடைசியில் காதடியில் கையால் ஓர் அறை, அதோடு விழுகிறான். அடியை மத்தளக்காரரிடம் விட்டுவிடுங்கள், கை காதுக்கு ஒரு சாண் முன்னாலே நின்றால் போதும்.

நாடகம் முடிந்ததும் தலையைத் தரையில் வைத்தால் கறையான், பெட்டியில் வைத்தால் எலி. கூரை வளையில் கட்டித் தொங்கவிடுவதுதான் நல்லது. நான் போன வருஷம் வாடி வளையில் தொங்கவிட்டேன், முகம் வயலைப் பார்க்க. இதைக் கண்டாவது பன்றி வராது என்று மனைவி சொன்னாள். மூன்றாம் நாள் வந்தது, குட்டிகளோடு. வரம்போரத்தில் ஒரு துண்டு வேளாண்மை போய்விட்டது.